ஊர்த் துணியில் ஒரு போர்வை

நான் எட்டாம் வகுப்புத் தேறியவள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் தங்கிப் படித்துவிட்டுச் செஞ்சிக்குத் திரும்பிய புதிதில், கடைத்தெருவில் வழி கேட்டவர்களிடம்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் வழி சொல்லியிருக்கிறேன். எங்கள் வம்சத்தில் எனக்கு முன் பேனாவைத் தொட்டவர் யாரும் இல்லை. நைனா மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், கோணி தைக்கிறவர். அம்மா வல்லம் பக்கம் களையெடுப்புக்குப் போகிறவள். அவர்கள் பெண்ணுக்குப் பூகோளம் தெரியும், பின்னக் கணக்குத் தெரியும், தையலில் ஒன்பது விதம் தெரியும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பஸ்ஸே கரியில் ஓடியது. துணிக்குக் கண்ட்ரோல் வந்து, ஒரு புடவையை வருஷக் கணக்கில் இழுத்துப் பறித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட சமயத்தில் துணி வியாபாரம் தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கடைத்தெருத் தையற்காரர்கள் காலடியில் விழும் வெட்டுத்துணி யாருக்கும் வேண்டாம். அதைக் கூட்டி அள்ளிக்கொண்டு வந்து, அட்டையில் ஒரே அளவாகச் சதுரம் வெட்டி, நிறம் பார்த்து ஒட்டித் தைத்தால் அது போர்வை. சின்னதாகத் தைத்தால் தொட்டில் மெத்தை. இன்னும் சின்னதாக இருந்தால் வெற்றிலைப் பை. மிச்சத்தில் துணிக்கிளி, துணி யானை. மேல்மலையனூரில் அமாவாசைக் கூட்டத்தில் என் துணிக்கிளிகள் ஒரு பகலில் பறந்துபோயின. ஞானஸ்நானம் பெற்ற பெண், அங்காளம்மன் வாசலில் கிளி விற்கிறாளே என்று அம்மா கொஞ்சம் கலங்கினாள். நைனா, கிளிக்கு மதம் ஏது என்றார்.

வீட்டு வாசலில் ஒரு பலகை மாட்டினேன். ‘இவ்விடம் ஒட்டுப் போர்வை, தொட்டில் மெத்தை, தலையணை உறை, பரிசுச் சாமான்கள் நேர்த்தியாகத் தைத்துத் தரப்படும்.’ என் கையெழுத்து. மாட்டிய மறுநாள் காலை மூன்று பேர் பையோடு வாசலில் வரிசையாக நின்றார்கள். பலகை மாட்டினால் அரிசி போடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்களாம். அரிசி இல்லை என்று தெரிந்ததும் இரண்டு பேர் போய்விட்டார்கள். மூன்றாமவர் வரிசையில் நின்ற நேரம் வீணாகக் கூடாது என்று ஒரு வெற்றிலைப் பை வாங்கிக்கொண்டு போனார்.

என் பெயர் மண்டி வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. நைனா வேலை செய்கிற மல்லாட்டை மண்டியின் சொந்தக்காரர் வீடுதான். அந்த வீட்டு மருமகள் தலையணை உறை தைக்க என்னைக் கூப்பிட்டனுப்பினாள். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள், நிறைமாதம். அக்கா என்று கூப்பிட்டேன். கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, உறை எல்லாம் வெறும் சாக்கு என்று சொன்னாள்.

அவளுக்கு முன்பு பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித் தங்காத வீட்டில் அடுத்தது பிறக்கும்போது ஊரில் பிச்சை எடுப்பார்கள். பல வீட்டில் ஏந்தி வாங்கிய பழந்துணியில்தான் பிள்ளையைக் கிடத்துவார்கள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை, பிச்சைக்காரப் பிள்ளை என்று நினைத்து எமன் பார்க்காமல் போய்விடுவானாம். அக்காவுக்கு அந்தத் துணி வேண்டும். ஆனால் மாமியார் விடமாட்டேன் என்கிறாள். மண்டி வீட்டு மருமகள் தெருவில் ஏந்துவதா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாளாம். பிள்ளைக்கென்று புதுச்சேரியிலிருந்து பட்டு மெத்தை வந்து பீரோவில் இருந்தது.

“அந்தப் பட்ட நான் தொடக்கூட மாட்டேன். போன தடவையும் பட்டுதான்,” என்றாள் அக்கா. “நீ ஊருல வாங்கித் தச்சுக் குடு. யாருக்குன்னு மட்டும் சொல்லிடாத. ஒத்தப்படையில வாங்கு. புதுத்துணி ஆவாது, கட்டிக் கிழிஞ்சதா இருக்கணும்.”

இந்த நம்பிக்கையில் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். எட்டாம் வகுப்பை அப்படியே விழுங்கிவிட்டு, சரி அக்கா என்றேன்.

தெருவில் இறங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கையில் ஒரு கூடை, மனதில் ஒரு ரகசியம், ஊரெல்லாம் துணி. முதலில் எங்கள் தெருவிலேயே ஆரம்பித்தேன். மாசமாக இருக்கிற ஒருத்திக்கு நேர்ச்சை, ஒரு துண்டுப் பழந்துணி போடுங்கள் என்று கேட்டேன். யாருக்கு என்றார்கள். சொல்லக்கூடாது என்றேன். ஏன் சொல்லக்கூடாது என்றார்கள். சொல்லக்கூடாத இடம் என்றேன். இவ்வளவு பத்திரமாகக் காத்த ரகசியத்துக்கு என்ன ஆகும் என்று என் பின்னக் கணக்கு எனக்குச் சொல்லவில்லை. வயசுக்கு வந்த பெண் வீடு வீடாகப் போய்த் துணி ஏந்துகிறாள், யாருக்கென்று கேட்டால் வெட்கப்படுகிறாள். அப்படியென்றால் யாருக்கு? அவள் அம்மாவுக்குத்தான்.

நான் கடைத்தெருவுக்குப் போய்ச் சேருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. ஒரு வீட்டில் துணியோடு இரண்டு மாங்காயும் போட்டார்கள். இன்னொரு வீட்டில் புளி. வளையல்காரர் மனைவி, ஒங்கம்மாவை வெயிலில் நிற்க வேண்டாம் என்று சொல், இந்தக் கோட்டை மலை விடுகிற அனல் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லி அனுப்பினாள். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. நம் ஊர் ஜனங்கள் எவ்வளவு அன்பானவர்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

சாயங்காலம் நைனா வந்தார். வாசலிலேயே நின்று அம்மாவைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

“இன்னாமே, எனக்குச் சொல்லாம ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு இருக்கிற? மண்டியில மூட்ட தூக்கறவன்லேர்ந்து கணக்குப்பிள்ள வரைக்கும் வெல்லம் குடுன்னு கேக்கறான்.”

அம்மாவுக்கு என்னவென்றே புரியவில்லை. புரிந்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு என்னைத் துரத்தினாள். மூன்று சுற்று ஓடிய பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து அம்மிக் கல்மேல் உட்கார்ந்துவிட்டாள். யாருக்குத்தான் வாங்குகிறாய் என்று கேட்டபோது, அம்மாவிடமும் நைனாவிடமும் மட்டும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. அக்காவின் மாமியார் மண்டி அம்மாவுக்குத் தெரியாமல் செய்வது நைனா வேலைக்கே உலை வைக்கும். நைனா சற்று நேரம் கையிலிருந்த கோணி ஊசியைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, புள்ளத்தாச்சி கேட்டுட்டா இல்லன்னு சொல்லக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார். அம்மா பெருமூச்சு விட்டாள். பிரசவம் ஆகும்வரை மாசமாக இருக்கிறேன், வேறென்ன செய்வது என்றாள். அப்படியே இருந்தாள். தெருவில் நடக்கும்போது இடுப்பில் ஒரு கை வைத்துக்கொண்டாள். சும்மா வந்த மாங்காயை ஒன்றுகூட அவள் திருப்பித் தரவில்லை.

துணி வந்து குவிந்தது. கண்ட்ரோல் காலத்துத் துணி, ஒன்றும் முழுசாக இல்லை. நீர் இறைக்கிறவரின் தலைப்பாகை முனை, வாத்தியார் வேஷ்டியின் ஓரம், பூக்காரியின் பச்சை ரவிக்கைக் கை, கசாப்புக்கடை பாய் வீட்டு அம்மாவின் பூப்போட்ட துப்பட்டித் துண்டு. எல்லாம் துவைத்துத் துவைத்துப் பிள்ளை கன்னம் மாதிரி ஆகியிருந்தன. புதுத்துணியில் எத்தனையோ தைத்திருக்கிறேன், ஊசி இப்படி வழுக்கிக்கொண்டு போனதில்லை. தரையில் பரப்பி வரிசை பார்த்தேன். நடுவில் ஒரு சதுரம் காலியாக இருந்தது. எண்ணினால் இரட்டைப்படை. இன்னும் ஒரு வீடு வேண்டும்.

மறுநாள் தலையணை உறையைக் கொடுக்க மண்டி வீட்டுக்குப் போனேன். மாமியார் அம்மா பின்கட்டில் மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்தாள். உயரமான மனுஷி, குரல் மண்டி முனை வரைக்கும் கேட்கும். ஒங்கம்மாவுக்கு எத்தனை மாசம் என்று கேட்டாள். நான் ஐந்து என்று சொல்லிவிட்டேன். இந்த வயசிலா என்று மோவாயில் கைவைத்துக்கொண்டாள். பிறகு அவள் குரல் இறங்கிப்போனது. ஊரில் துணி ஏந்துகிறாயாமே, நல்லது, அப்படித்தான் செய்ய வேண்டும் என்றாள். உள்ளே போய் ஒரு பழைய அரக்குப் புடவையின் தலைப்பைக் கிழித்துக்கொண்டு வந்து என் கூடையில் போட்டாள். மஞ்சள் கட்டம் போட்ட தலைப்பு. அதைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஒற்றைப்படை ஆயிற்று, அதுவும் நடுவில் வைக்க இதைவிடத் துணி உண்டா. வீட்டுக்குப் பறந்தேன்.

போர்வை முடிந்தது. பின்பக்கம் நைனாவின் பழைய வேஷ்டி. முன்பக்கம் ஊர். நடுவில் அரக்கு. விளிம்பைச் சுற்றி ஓட்டுத்தையல் எறும்பு வரிசை மாதிரி போயிற்று. அதை மடித்து ஒரு தலையணை உறைக்குள் ஒளித்துக்கொண்டு போய் அக்காவின் மடியில் விரித்தபோது, அவள் விரலால் ஒவ்வொரு சதுரமாகத் தொட்டு யார் வீடு, யார் வீடு என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நடுவுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

“இது எங்க அத்த பொடவ.”

ஆமாம் அக்கா, அவங்களே போட்டாங்க என்றேன், பரிசு வாங்கினவள் மாதிரி.

“ஐயோ பாவி. சொந்த வூட்டுத் துணி சேரக்கூடாதுடி. அது சேந்தா பிச்சையே இல்ல. எமன் மோப்பம் புடிச்சிடுவான்.”

அவள் கண்ணில் நீர் கட்டிவிட்டது. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. இதோ, பொழுது சாய்வதற்குள் பிரித்து வேறு வீட்டுத் துணி வைத்துக் கொண்டுவருகிறேன் என்று போர்வையைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன்.

வீட்டில் உட்கார்ந்து ஊசி முனையால் நடுச் சதுரத்தின் தையலை ஒவ்வொன்றாக நெம்பினேன். நான் போட்ட தையல் அது, சுலபத்தில் வருமா. ஒரு பக்கம் பிரித்து இரண்டாம் பக்கம் போகும்போது மண்டி முனையில் சத்தம் கேட்டது. மருத்துவச்சியை வண்டி வைத்துக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அக்காவுக்கு வலி கண்டுவிட்டது. அவசரத்தில் பிரித்த இடத்தையே மறுபடி தைத்தேன், தைத்த இடத்தைப் பிரித்தேன். இப்படியே மாலை வெயில் இறங்கிவிட்டது. மாற்றி வைக்கத் துணி வாங்கிவர அம்மாவை அனுப்பலாம் என்றால், மாசமாக இருக்கிறவள் ஓடக்கூடாது என்று அவளே சொன்னாள். அப்புறம்தான் அவளுக்கு நினைவு வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

அம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசல் இருண்டது. மண்டி அம்மா நின்றாள். மூச்சு வாங்கியது. அவள் எங்கள் தெருவுக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. அக்கம்பக்கத்துச் சன்னல்கள் எல்லாம் தலைகளாயின.

பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றாள். நன்றாக அழுகிறதாம். ஆனால் மருமகள் பிள்ளையை மார்மேல் போட்டுக்கொண்டு கீழே விடமாட்டேன் என்கிறாளாம். பட்டு மெத்தையைக் கண்டாலே கத்துகிறாளாம். மருத்துவச்சி எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் கேட்காமல், மருமகளே போர்வைக் கதையை முழுவதும் சொல்லிவிட்டாளாம். சொல்லிக்கொண்டே வந்தவளின் பார்வை அம்மாவின் வயிற்றில் போய் நின்றது.

“அப்ப நீ மாசமா இல்ல?”

“இல்லீங்கம்மா,” என்றாள் அம்மா, ஏதோ குற்றம் செய்தவள் மாதிரி. உடனே, “மாங்கா மட்டும் தின்னேங்க,” என்றாள்.

மண்டி அம்மாவின் உதடு ஒரு பக்கம் துடித்தது. சிரிப்பா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. என் மடியிலிருந்த போர்வையைப் பார்த்தாள். நடுவில் பாதி பிரிந்து தொங்கிய அரக்குத் துணியைப் பார்த்தாள். நான் எழுந்து நின்று, அது உங்கள் வீட்டுத் துணி, சேரக்கூடாதாம், எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று கடகடவென்று ஒப்பித்தேன்.

“எடுக்காத. நான் ஒங்கம்மாவுக்குன்னு போட்டது அது. போட்டதுக்கு அப்புறம் அது என் வூட்டுத் துணியா, ஒன் வூட்டுத் துணியா?”

கன்னியாஸ்திரிகள் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது. எங்கள் வீட்டுத் துணி என்றேன்.

அவள் முந்தானையை இடுப்பிலிருந்து உருவி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். அம்மாவுக்கு முன்னால், வாசற்படிக்குக் கீழே.

“மடிப்பிச்ச போடு தாயே. எம்பேத்திக்கு.”

அம்மாவின் வாழ்நாளில் அவளிடம் யாரும் எதையும் ஏந்தியதில்லை. அவள் என்னைப் பார்த்தாள், மாதா படத்தைப் பார்த்தாள், என் கையிலிருந்த போர்வையைப் பிடுங்கி அந்த முந்தானையில் வைத்தாள். மண்டி அம்மா வந்த வேகத்தில் திரும்பினாள். தெருவே மூச்சு விடாமல் பார்த்தது.

நான் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெறுங்கை. அதில் ஊசி இல்லை.

பாய் மேல் இல்லை. பாவாடையில் இல்லை. ஊசி போர்வையில் இருக்கிறது. பச்சைப்பிள்ளையைக் கிடத்தப்போகிற போர்வையில்.

அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் அப்படி ஓடியதில்லை. அம்மா நில்லுங்க, ஊசி, அம்மா ஊசி என்று கத்திக்கொண்டே கடைத்தெருவில் ஓடினேன். யாரோ அம்மாவுக்கு ஊசி போட வேண்டும் என்று நினைத்து, டாக்டர் வீடு அந்தப் பக்கம் என்று கை காட்டினார்கள். கரி பஸ்ஸைக் கைச்சக்கரம் சுற்றிக் கிளப்பிக்கொண்டிருந்த ஆள் சக்கரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தான். மண்டி வாசலுக்குப் பத்தடி முன்னால் அவளை எட்டிப் பிடித்தேன்.

கீழே வைக்கச் சொன்னேன், மாட்டேன் என்றாள். ஏந்தியதைப் பிள்ளையிடம் சேர்க்கும்வரை தரையில் வைக்கக் கூடாதாம், வேறு கைக்கு மாற்றவும் கூடாதாம். நூல் வேறு பிரிந்து தொங்குகிறது, பிள்ளை விரல் மாட்டிக்கொள்ளும். அதனால் அவள் முந்தானையை விரித்துப் பிடித்தபடியே நடுக் கடைத்தெருவில் நின்றாள். நான் அந்த முந்தானைக்குள் குனிந்து ஊசியைக் கண்டுபிடித்தேன். அது அரக்குத் துணிக்கு அடியில் சமர்த்தாகக் குத்திக்கொண்டு இருந்தது. தையற்கடையிலிருந்து ஒருவர் நூல் நீட்டினார். கோத்து, பிரித்த இரண்டு பக்கத்தையும் அங்கேயே நின்று தைத்தேன். என் விரல் நடுங்கினாலும் தையல் நடுங்கவில்லை என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

கூட்டம் சுற்றிக்கொண்டது. பூக்காரி எட்டிப் பார்த்து, இது என் ரவிக்கையாச்சே என்றாள். ஏந்தி நிற்பவளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்ந்த என் அம்மாவின் வயிற்றைப் பார்த்தாள். அவள் முகத்தில் கணக்கு நேராவதைப் பார்த்துக்கொண்டே முடிச்சுப் போட்டேன். பல்லால் நூலைக் கடித்தேன். ஊசியைத் தூக்கிப் பிடித்து, இதோ இருக்கிறது, எல்லோரும் பாருங்கள் என்று காட்டினேன். யாரோ கைதட்டினார்கள். மண்டி அம்மா நேராக உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் மருத்துவச்சி வெளியே வந்து சொன்னாள். போர்வையில் கிடத்தினதும் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுக் கொட்டாவி விட்டதாம். அக்கா அதற்கப்புறம்தான் ஒரு வாய் வெந்நீர் குடித்தாளாம். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்றே நினைவில்லை. அம்மாதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். வழியில் மாங்காய் போட்டவர்கள் எல்லோரும் அவளை மறித்துக் கணக்குக் கேட்டார்கள். அவள், ஊறுகாய் போட்டிருக்கிறேன், வந்து வாங்கிக்கொண்டு போங்கள் என்றாள்.

மறுநாள் காலை நைனா மண்டிக்குப் போன சுருக்கில் திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டார். ஏதோ ஆகிவிட்டது என்று அவர் பின்னாலேயே மண்டிக்கு ஓடினேன். சாக்கு உலர்த்தும் கொடியில், தெருவைப் பார்த்தபடி என் போர்வை தொங்கிக்கொண்டிருந்தது. துவைத்து ஈரம் சொட்டியது. பிள்ளை விடிய விடிய நனைத்திருக்கிறாள்.

மண்டிச் சுவருக்கு வெளியே பெண்கள் திரண்டிருந்தார்கள். அவரவர் சதுரத்தை அவரவர் கண்டுபிடித்து விரல் நீட்டிக்கொண்டிருந்தார்கள். நனைந்தது எந்தத் துண்டு என்பதில் சண்டை வந்துவிட்டது. பூக்காரி தன் பச்சைதான் என்றாள். வாத்தியார் மனைவி, எங்கள் வேஷ்டி ஓரம்தான் கீழே இருக்கிறது, நீர் கீழ்நோக்கித்தான் போகும் என்று பாடம் நடத்தினாள்.

“நீ சும்மா இரு டீச்சரம்மா,” என்றாள் பூக்காரி. “எம்மேலதான் பேஞ்சா. எனக்குத்தான் அதிர்ஷ்டம்.”

தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். தைத்தவள் நான்தானே. நான் சுவர் ஓரம் கிடந்த மூட்டைமேல் ஏறி நின்று போர்வையை நன்றாகப் பார்த்தேன். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் ஈரம். எல்லாத் துண்டும் என்றேன். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளேயிருந்து குழந்தை வீறிட்டு அழும் சத்தம் வந்தது. நல்ல கனத்த குரல், மண்டி முனை வரைக்கும் கேட்டது.